இரண்டாம் குரூப்பில் ஒரு பெண்

1

ஊரிலிருந்து யார் கேட்டாலும் பனியைப் பற்றித்தான் நான் சொல்வது வழக்கம். இந்த முறை ஓர் எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கனடாவில் விண்ட்ஸர் என்ற இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. கார்த் தொழிற்சாலைகளை நம்பி வாழும் ஊர். அதனால்தான் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருந்த என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. மகள் மதுமிதா பத்தாம் வகுப்பு. இங்கே பத்தாவது படிக்கும்போதே, பிப்ரவரி மாதத்தில், அடுத்த வருடம் எந்தெந்த அறிவியல் பாடம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட வேண்டும். அதற்காக ஒரு மாலை பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிடுகிறார்கள்.

காலணியில் ஒட்டிய பனியை மிதியடியில் தட்டிவிட்டு உள்ளே போனோம். மேஜைக்கு மேஜை ஒரு பாடம். உயிரியல், வேதியியல், இயற்பியல், சுற்றுச்சூழல். வேதியியலே இரண்டு விதம்: பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு ஒன்று, கல்லூரி போகிறவர்களுக்கு ஒன்று. ஊரில் காலேஜ் என்றாலே இரண்டும்தான்; எனக்கு வித்தியாசம் புரியவில்லை. வழிகாட்டி ஆசிரியர் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட உயரமான மனிதர். அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: "இவளுக்கு எந்த குரூப் நல்லது?"

அவர் முகம் கனிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். நெருங்கியவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு குரூப் கூடுகிறது, உங்கள் வீட்டில் யாராவது அண்மையில் தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் மது.

ஊரில் பிளஸ் ஒன் சேரும்போது முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று சொல்வதை அவருக்கு எப்படி விளக்குவது? மது முந்திக்கொண்டு வேகமான ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டு எங்களை உயிரியல் அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு மூலையில் எலும்புக்கூடு நின்றது. பனிக்குல்லாயும் கழுத்துச் சால்வையும் போட்டிருந்தார்கள். அவர் அதன் இடது கையைத் தூக்கி, கை குலுக்கும்படி என் பக்கம் நீட்டினார். எல்லாப் பெற்றோரும் அப்படிக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கை எழவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"இட்ஸ் பிளாஸ்டிக், அம்மா" என்றாள் மது, பல்லைக் கடித்துக்கொண்டு.

காரில் ஏறியதும் காதில் மாட்டியிருந்ததை அவளாகவே கழற்றினாள். அது எப்போதாவது நடப்பது. "உனக்கு என்ன ஆச்சு? யூ லுக்ட் ஸ்கேர்ட்" என்றாள்.

அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் பாதி ஆங்கிலத்தில் சொன்னேன். முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ் வேண்டும்.

2

ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் வாடகைக்குக் குடிபோனது 2006இல். பிள்ளைப்பாக்கம் தாண்டி, அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு விலங்கியல் ஆசிரியை வேலை கிடைத்தது. பள்ளிக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப். கார்க் கதவுக்கும் கூரைக்கும் தகடு அடிக்கும் இடம். ஒவ்வொரு அடிக்கும் என் மேஜை மேல் தம்ளரில் இருக்கும் தண்ணீர் வட்டம் போடும். வந்த புதிதில் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு அது நின்றால்தான் கவனிப்பேன்.

பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் எல்லோரும் கேட்பது கம்ப்யூட்டர் குரூப். அது இல்லாவிட்டால் தொழிற்கல்வி. அதைப் படித்தால் கம்பெனியில் லைன் வேலை நிச்சயம் என்று ஒரு பேச்சு. கணக்கோடு உயிரியல் சேர்ந்த முதல் குரூப், நன்றாகப் படிக்கிறவர்களுக்கு. கணக்கு இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வருகிற இரண்டாம் குரூப்புக்கு, நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்படும் சில பெண்கள் மட்டும் வருவார்கள். என் வகுப்பு முழுவதும் ஒரே வரிசையில் அடங்கிவிடும்.

அந்தச் சின்ன வகுப்புக்குச் சொத்து என்று இருந்தது ஓர் எலும்புக்கூடு. நிஜமான மனித எலும்பு. வெகு காலத்துக்கு முன்பு கல்கத்தாவிலிருந்து மரப்பெட்டியில் ரயிலேறி வந்ததாம். யார் வாங்கினார்கள் என்று சொல்ல ஆளில்லை. தேயிலைக் கறை படிந்த நிறம். மூட்டுகளைக் கட்டியிருந்த செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. மண்டையோட்டின் உச்சியில் ஒரு கொக்கி, அதிலிருந்து இரும்புத் தாங்கியில் தொங்கும். பள்ளியே அதைத் "தாத்தா" என்று கூப்பிட்டது. பையன்கள் தொப்பி போடுவார்கள், பரீட்சைக்கு முன் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

2008இல் சேர்ந்தவர்களில் ஜெசிந்தா என்று ஒரு பெண். பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா லூர்து மேரி, தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு மெஸ் நடத்தினாள். விடியற்காலையில் வெங்காயம் அரிந்துவிட்டு வருவதால் ஜெசிந்தாவின் விரல்களில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். கேள்வி கேட்கிற பெண். என்னை உட்கார விடமாட்டாள்.

3

எலும்பு மண்டலம் எடுத்த அன்று, எலும்புக்கூட்டின் இடது பக்கம் சுவரோரமாக இருந்ததால், வலது பக்கத்தைக் காட்டிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா எழுந்து கிட்டே வந்தாள்.

"மிஸ், இது ஒடஞ்சி கீது."

தோளுக்குக் கீழே, மேற்கை எலும்பின் தலையைச் சுற்றி ஒரு கோடு. முடி அகலம்தான். உடைசல் என்றால் இப்படிச் சீராக ஓடாது. குனிந்து மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே கோடு. இடுப்பெலும்பின் விளிம்பில் இன்னும் தெளிவாக இருந்தது.

"உடையலை" என்றேன். "வளர்ற எலும்பில் முனை தனியா இருக்கும். வளர்ந்து முடிஞ்ச பிறகுதான் ஒட்டிக்கும்."

"அப்போ தாத்தா இல்லியா மிஸ்?"

இடுப்பெலும்பின் அமைப்பைப் பார்த்தேன். அகலமான, ஆழம் குறைந்த இடுப்பு. தாத்தா என்று கூப்பிட்டுப் பழகிய கண், அதுவரை அங்கே நின்றதில்லை.

"இல்லை. பொண்ணு. உங்க வயசுதான் இருக்கும். பதினாறு, பதினேழு."

வகுப்பு மூச்சை அடக்கியது போல் ஆயிற்று. பின்சுவருக்கு அப்பால் தகடு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெசிந்தா அதன் பக்கத்தில் போய் நின்றாள். அவள் நெற்றியும் அந்த நெற்றியும் ஒரே மட்டத்தில் இருந்தன. வரிசையின் கோடியில் இருந்த ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து யாரும் தொப்பி போடவில்லை. மற்றப் பெண்கள் முடிந்த வரை தூரமாக உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா மட்டும் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். ஒருநாள் நான் வராந்தாவில் வரும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தி, பதில் கேட்பது போலக் காத்திருந்து, பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்படவில்லை.

"தனியா நிக்கிறா மிஸ். அதான் பேச்சுக் குடுத்துக்கினு இருந்தேன்."

4

எலும்புக்கூடு திரும்ப ஆரம்பித்தது தீபாவளிக்கு அப்புறம்.

மாலையில் பூட்டும்போது கரும்பலகையைப் பார்த்து நிற்கும். காலையில் திறந்தால் வாசலைப் பார்த்து நிற்கும். முதல் தடவை சாவித்துவாரத்திலிருந்து நிமிர்ந்தவுடன் நேருக்கு நேர் அந்த முகம். கையிலிருந்த விடைத்தாள்களைக் கீழே போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "பிரஸ் அடிக்கிற அதிர்வில் ஆணியே கழண்டு வரும். ஒரு கொக்கியில் தொங்குறது திரும்பாதா?" என்றார். சரியான பதில். அதைப் பெண்களிடமும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள்.

அது உலகம் முழுவதும் கார் விற்பனை படுத்துவிட்ட வருடம். வருடக் கடைசியில் கார்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விடுமுறை விட்டன. காலையில் அவற்றின் பஸ்கள் வரவில்லை. பட்டப்பகலில் அந்த அகலமான சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அறைகளில் தங்கியிருந்த பையன்கள் வெயிலில் லுங்கியோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் தம்ளரில் தண்ணீர் அசையாமல் கண்ணாடி போல் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரத்திலும் எலும்புக்கூடு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

லூர்து மேரியின் மெஸ்ஸில் சாப்பிடும் இசக்கி என்ற பையன் அந்த பிரஸ் ஷாப்பில்தான் ஆபரேட்டர். திருநெல்வேலிப் பக்கம். பள்ளி வாசலில் அவனைப் பார்த்தபோது, எப்போதாவது ஒரு ஷிப்டாவது மிஷின் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடலையே டீச்சர். ஆர்டரே இல்லங்காவ. மிசினெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கு. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்" என்றேன்.

அன்று மாலை நானே அதைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி, ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்தேன். ஜன்னல்களுக்குக் கொக்கி போட்டேன். பூட்டினேன். ஒரே சாவி, அது என் கைப்பையில். மறுநாள் காலை நல்ல வெயில். கதவைத் தள்ளினேன். வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகத் தயாராகி, யாரோ வந்து கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவளைப் போல.

நான் உள்ளே போகவில்லை. அன்றைய பாடத்தை வராந்தாவில் நடத்தினேன்.

காரணம் நான் சொல்லவில்லை. ஆனால் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரக் கடைசிக்குள் மூன்று நான்கு பேரின் வீட்டிலிருந்து ஆள் வந்து, காமர்ஸுக்கு மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியையிடம் கேட்டார்கள். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னும் ரெண்டு பேர் போனா குரூப்பையே மூடிடச் சொல்வாங்க டீச்சர். அப்புறம் இந்தப் பக்கத்துப் பொண்ணுங்க நர்சிங் படிக்கணும்னா காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறணும். எத்தனை வீட்ல அனுப்புவாங்க?"

ஒருத்தரும் அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். செல்போன் தயாரிக்கும் கம்பெனியின் பஸ்ஸோ, பெண்களை வேலைக்கு ஏற்றிப் போகத் தெருமுனையிலேயே வந்து நிற்கும்.

5

லூர்து மேரி ஒரு மத்தியானம் வந்தாள். சத்தம் போடுவாள் என்றுதான் நினைத்தேன். கனத்த உடம்பு, புடவையில் சாம்பார்த் தெறிப்பு, மெஸ்ஸை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"வூட்லயும் அவ கூடப் பேசிக்கினே கீறா மிஸ். அவளுக்குக் குளுரும், அவளுக்கு அவசரம்னு சொல்லிக்கினு. யாருடி அதுன்னா, எங்க கிளாஸ் பொண்ணுங்கிறா. அந்தப் பொண்ண நான் பாக்கணும்."

திறந்துவிட்டேன். அவள் வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். ஜெசிந்தா அவளுக்குப் பின்னால். பிறகு லூர்து மேரி நேராகப் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து, எலும்புக்கூட்டின் மார்பைச் சுற்றிப் போர்த்தினாள்.

"இன்னா மிஸ் இது. வயசுப் பொண்ண இப்படித் துணி இல்லாம நிக்க வெச்சிகிறீங்களே."

நழுவிய துண்டின் முனையை நான் இழுத்துச் செருகினேன்.

"இவளப் பெத்தவ எங்கெங்க தேடினாளோ" என்றாள். கன்னத்து எலும்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "பொதச்சிடணும் மிஸ்."

"யம்மா, பொதச்சிட்டா நாங்க எத்த வெச்சிப் படிக்கிறது?"

"செத்தவள நிக்க வெச்சித்தான் படிக்கணும்னா அந்தப் படிப்பே வேணாம். நாளைக்கே பேர வெட்டிக்கினு வா. போன் கம்பெனியில சேத்துவுடறேன்."

ஜெசிந்தா அம்மாவையும் எலும்புக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சந்தையில் விலை பேசுகிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"சரி, பொதைக்கலாம். ஆனா மொதல்ல நான் இவள முழுசா வரஞ்சிக்கிறேன். ஒரு எலும்பு வுடாம. அது வரைக்கும் டைம் குடு."

6

பழுப்புக் காகிதத்தைத் தரையில் ஒட்டி ஒட்டி ஆள் உயரத்துக்குப் பரப்பினாள். தினமும் பள்ளி முடிந்ததும் வரைவாள். வலது பக்க எலும்புகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தாள். இடது பக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். மனித உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று வகுப்பில் நான்தான் சொல்லியிருந்தேன். விலகி ஓடிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பென்சில் சீவிக் கொடுத்தார்கள், பெயர் எழுதினார்கள். புதைக்கப்போகிறார்கள் என்றதும் அவர்களுக்குப் பயம் குறைந்துவிட்டது. அந்த நாட்களில் ஒரு தடவைகூட எலும்புக்கூட்டுப் பெண் திரும்பவில்லை. வரைந்து முடியட்டும் என்று அசையாமல் நின்றுகொண்டிருந்தாள் என்று ஜெசிந்தா சொன்னாள். அதற்குள் கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. தம்ளரில் வட்டங்கள் வந்துவிட்டன. அப்படியும் அவள் திரும்பவில்லை.

இன்னொரு பக்கம் அனுமதி. பள்ளிக்குச் சொந்தமான பொருளை நம் இஷ்டத்துக்குப் புதைத்துவிட முடியாது. ஹெச்.எம். மேலே எழுதிக் கேட்டார். வெகுநாள் கழித்து வந்த பதிலை என்னிடம் படித்துக் காட்டினார்: நல்ல நிலையில் உள்ள உபகரணத்தைக் கழிக்க இயலாது, சேதமடைந்திருப்பின், சேதமடைந்த பாகங்களைப் பார்வைக்கு அனுப்பி வைக்கவும்.

"எந்தப் பாகத்தை அனுப்பலாம் டீச்சர்?" என்றார் ஹெச்.எம். அதிர்ந்து பேசாத மனுஷி. அன்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சனிக்கிழமை நான் சீக்கிரமே வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பங்குச் சாமியாரிடம் லூர்து மேரி போனாள். கல்லறைத் தோட்டத்து மூலையில் இடம் கொடுத்தார். செத்த பெண் கிறிஸ்தவளா இல்லையா என்று தெரியாதே என்று நான் இழுத்தேன். "ஜெபம் ஒண்ணு சொல்றேன் டீச்சர். வேணாம்னா அவங்க காதுல வாங்காம இருக்கட்டும்" என்றார்.

7

சனிக்கிழமை முற்பகல். லூர்து மேரி ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு புதுச் சுடிதார் வாங்கி வந்திருந்தாள். ரோஜா நிறம், கழுத்தில் ஜரிகை. அதை ஆய்வகத் தரையில் விரித்தோம். பக்கத்தில் ஜெசிந்தாவின் படம். இசக்கி குறடு கொண்டு வந்து கம்பிகளை வெட்டிக் கொடுக்க, ஜெசிந்தா ஒவ்வொரு எலும்பாக வாங்கி, படத்தோடு ஒப்பிட்டு, துணியின் மேல் அதனதன் இடத்தில் வைத்தாள். மண்டையோடு, முதுகெலும்பு, விலா, வலது கை. மார்பின் மேல் சுடிதாரின் ஜரிகை சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

இடது கையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தவள் நிறுத்தினாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"மிஸ்."

"என்ன?"

"இது அவளோட கை இல்ல."

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மேற்கை எலும்பு வலதைவிட இரண்டு விரற்கடை நீளம். தடிமன். தசை பிடித்திருந்த இடங்கள் மேடு மேடாக இருந்தன. தோள்முனையில் கோடு இல்லை. மணிக்கட்டிலும் இல்லை. முழுதாக வளர்ந்து முடிந்த எலும்பு. விரல் நுனி வரை மொத்தக் கையும் அப்படியே. நாங்கள் யாரும் அளந்து பார்க்காத பக்கம். யாரோ பெரிய ஆள். ஆணாகத்தான் இருக்க வேண்டும். விற்றவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கம்பி கட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

லூர்து மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "இத்தினி வருசமா எவனோ ஒரு ஆம்பள கைய மாட்டிக்கினா நின்னுகினு இருந்துது இந்தப் புள்ள?"

பின்சுவருக்கு அப்பால் தகடு அடித்துக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தாதான் அதைக் கேட்டாள்.

"அப்போ அவ கை எங்க மிஸ்?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் எங்கேயோ நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பள்ளியில், வேறு யாருடைய தோளிலோ அந்தச் சின்னக் கை தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைப் பிடித்துக் குலுக்கிச் சிரிப்பார்கள்.

இசக்கி குறட்டைக் கீழே வைத்தான். "ரெண்டு பேரையும் ஒரே குழியில போடக்கூடாதுல்லா?" என்று லூர்து மேரியிடம் கேட்டான்.

"எப்படிப் போடறது? இன்னொண்ணு தோண்டு."

அவள் முந்தானையின் ஓரத்தைக் கிழித்தாள். அந்தக் கையைத் தனியாகச் சுற்றினோம். சுடிதார் மூட்டையை ஜெசிந்தா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். இசக்கியின் நண்பனுடைய ஷேர் ஆட்டோவில் போனோம். நல்ல உச்சி வெயில். எதிரே ஷிப்ட் பஸ்கள் வந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் தூங்கி விழும் தலைகள் தெரிந்தன. மூட்டை கனக்கவில்லை, என்றாலும் வழி முழுவதும் அவள் அதை மடியில் இறக்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெரிய குழி ஒன்று தயாராக இருந்தது. கொஞ்சம் தள்ளி இசக்கி இன்னொன்று தோண்டினான். முழம் நீளம்கூட இராது. ஒரு கைக்குப் போதுமான குழி. சாமியார் அதைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஜெபம் சொன்னார். பெரிய குழிக்கு நாங்கள் எல்லோரும் மண் போட்டோம். ஜெசிந்தாவின் தோழிகளும் வந்திருந்தார்கள். சின்னக் குழிக்கு இசக்கி மட்டும் போட்டான். தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்ணைத் தட்டிச் சரிசெய்தான்.

திரும்பும்போது ஜெசிந்தா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவ வெளிய போவணும்னு நிக்கல மிஸ். அந்தக் கைய வுட்டுத் தள்ளிப் போவப் பாத்துகினு இருந்திருக்கா."

மண்டை முதல் கால் வரை கம்பியில் கட்டிய எலும்பு அப்படித் திரும்பாது என்று சொல்ல எனக்குப் பாடம் தெரியும். சொல்லவில்லை. அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

8

குரூப் மூடவில்லை. போன பெண்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஜெசிந்தாவின் படத்துக்குச் சட்டம் போட்டு ஆய்வகத்தில் மாட்டினோம். நான் கிளம்பி வரும் வரை அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். எங்கள் பக்கத்தில் அப்போது அறிவியல் படிப்பு என்பது இவ்வளவுதான்: ஒரு பூட்டிய அறை, ஒரே வரிசைப் பெஞ்சு, அது மூடிவிடக் கூடாதே என்று அலைகிற நாலைந்து பேர். இங்கே மேஜை மேஜையாகப் பரப்பி வைத்து, எது வேண்டும் எடுத்துக்கொள் என்கிறார்கள். மது ஒன்றையும் எடுக்காமல் நிற்கிறாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு வரவில்லை.

நான் சொல்லி முடித்தபோது கார் வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கண்ணாடி முழுவதும் பனி மூடி, வாசல் விளக்கில் உள்ளே வெள்ளை வெளிச்சமாக இருந்தது.

"அந்த அக்கா இப்போ என்ன பண்றாங்க?" என்றாள் மது. தமிழில் கேட்டாள்.

"எக்ஸ்ரே டெக்னீஷியன்."

"நான் பேசலாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், கூப்பிட்டோம். ஜெசிந்தா பிளஸ் டூ முடித்து, ரேடியாலஜி படித்து, இப்போது நெடுஞ்சாலையோரம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். போன் கம்பெனி மூடிவிட்டார்களாம். அவளோடு படித்த எத்தனையோ பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். இசக்கி கல்யாணம் செய்துகொண்டு ஊரோடு போய்விட்டான். லூர்து மேரிக்கு முழங்கால் வலி. "எங்கம்மாவ நானே படம் எடுத்தேன் மிஸ். வெக்கப்பட்டுக்கினு காலையே காட்டல" என்று சிரித்தாள்.

மது போனை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சொல் தேடினாள்.

"அக்கா, டெய்லி எலும்பு பார்த்தா உங்களுக்கு பயம் வராதா?"

"பயம் இன்னா கண்ணு பயம். கம்பெனியில புதுசா சேர வர்ற பசங்கதான் நெறைய. அல்லாருக்கும் மார்ப எக்ஸ்ரே எடுக்கணும். சட்டைய கயட்டிட்டு வந்து பலகையில நெஞ்ச ஒட்டிக்கினு நிப்பாங்க. மூச்ச இழுத்துப் புடிங்கன்னு சொல்லிட்டு நான் இந்தாண்ட ரூமுக்கு வந்துடுவேன். கண்ணாடி வழியாப் பாத்தா, ஆடாம அசையாம, உசுரே இல்லாத மாரி நிப்பாங்க பாரு. அந்த ஒரு செகண்டு மட்டும் எனக்கு எப்பவும் ஒரு மாரியா இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. பட்டன அமுக்கிட்டு, மைக்ல கத்துவேன்: மூச்சு வுடு தம்பி, மூச்சு வுடு."

மது சிரித்தாள். அதன் பிறகுதான் கவனித்தேன், அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.